ஹிஃப்ஸா பசியாறினாளா?

ஃபஸ்னாவுக்கு அன்று காலை இருப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட நர்ஸ் அனுப்பிய சீட்டை இருபது தடவையாவது படித்திருப்பாள். 'உங்கள் மகள் ஹிஃப்ஸா ஐந்து வாரமாகக் காலையில் சாப்பிடாமல் வருகிறாள். எடை ஒரு கிலோ குறைந்திருக்கிறது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நேரில் வரவும்.'

சாப்பிடாமலா! நாலரைக்கு எழுந்து, இடியாப்பம் பிழிந்து, முட்டை அவித்து, தூங்கி வழிகிற ஏழு வயசுப் பிள்ளையின் வாயில் வாய் வாயாகத் திணித்து, ஒரு தம்ளர் பாலையும் மடக்கு மடக்காகக் குடிக்கவைத்து, ஐந்தே முக்காலுக்கு ஸ்கூல் பஸ் ஏற்றுகிறவள் அவள். அவளைப் பார்த்தா இப்படி ஒரு சீட்டு! சொந்த ஊர் கீழக்கரையில் நாலு பேர் காதில் விழுந்தால் என்ன ஆவது?

துபாய் தேராவில் துணிக்கடையில் இருந்த புருஷன் ஜாபர் சாதிக்குக்கு போன் போட்டாள்.

"மச்சான், நீங்களும் வாங்களேன்."

"கடையில சரக்கு இறங்குது ஃபஸ்னா. நீயே போயிட்டு வா. சண்டை கிண்டை போட்டுறாதே."

"போடாம? புள்ளையப் பட்டினி போடுறவன்னு எழுதி அனுப்பியிருக்கா!"

போனை வைத்ததும் அடுப்படிக்குப் போனாள். காலையில் மிஞ்சிய ஆறு இடியாப்பத்தையும் தேங்காய்ப்பாலையும் ஒரு முட்டையையும் டிபன் பாக்ஸில் அடைத்தாள். நர்ஸின் மேஜையில் டக்கென்று வைத்து, 'இதைத்தான் கொடுக்கிறேன், பார்த்துக்கொள்' என்று சொல்லிவிட வேண்டும். கவர்கள் தொங்கும் ஆணியில் கை வைத்தால் ஒரு பிளாஸ்டிக் கவர்கூட இல்லை. இந்த வீட்டில் கவர்களை யார்தான் தின்கிறார்களோ என்று முணுமுணுத்தபடி, டப்பாவைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு டாக்ஸி பிடித்தாள்.

ஷார்ஜா ரோலாவில் இருக்கும் வீட்டிலிருந்து துபாய் கிசைஸில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதை இருக்கிறதே, அது ஒரு தனி அழிச்சாட்டியம். நாலடி நகரும், நிற்கும். "பாய், ஜல்தி" என்று இவள் சொல்ல, பாகிஸ்தான் பட்டாணி டிரைவர் முன்னால் நின்ற வண்டிகளைக் கையால் காட்டிவிட்டுச் சும்மா இருந்தார். நின்று நின்று போனதில் அவளுக்கே வயிற்றைப் புரட்டியது. கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை வெளியே நீட்டிக்கொண்டாள்.

நர்ஸ் அகிலா தர்மபுரிக்காரி. சின்னப் பெண், சிரித்த முகம். அந்தச் சிரிப்பே ஃபஸ்னாவுக்கு எரிச்சலாக இருந்தது. டிபன் பாக்ஸை டக்கென்று வைத்தாள்.

"நான் புள்ளையப் பசியாற வெச்சுத்தான் தெனமும் அனுப்புறேன். யாரு உங்ககிட்ட இல்லன்னு சொன்னது?"

"உங்க பொண்ணுதாங்க. வாரா வாரம் எடை பார்க்கறப்ப, காலைல சாப்பிட்டியான்னு கேட்பேன். இல்லைன்னுதான் சொல்றா."

ஃபஸ்னா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அட, எங்க ஊர்ல சாப்பாடுன்னா சோறுங்க! காலையில யாரு சோறு திம்பா? காலையில பசியாறுறதுதான். பசியாறினியான்னுல்ல கேக்கணும்!"

"அய்யோ!" அகிலா வாயைப் பொத்திக்கொண்டாள். "மத்த பிள்ளைங்ககிட்ட பிரேக்ஃபாஸ்ட்டுன்னு இங்கிலீஷ்ல கேட்டேங்க. இவ நம்ம தமிழ்ப் பொண்ணாச்சேன்னு ஆசையா தமிழ்ல கேட்டேன்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ஃபஸ்னாவுக்கு மலையையே இறக்கிவைத்த மாதிரி இருந்தது. இனி யார் என்ன கேட்டாலும் பதில் உண்டு. டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாள்.

அகிலா சிரிப்பை நிறுத்திவிட்டு எடை எழுதிய அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப எடை ஏங்க குறையுது?"

ஃபஸ்னா மறுபடியும் உட்கார்ந்தாள்.

ஆள் அனுப்பி ஹிஃப்ஸாவை வகுப்பிலிருந்து கூட்டிவந்தார்கள். உம்மாவைக் கண்டதும் பிள்ளை வாசலிலேயே நின்றது.

"ஹிஃப்ஸா கண்ணு, இன்னிக்குப் பசியாறினியா?"

"எஸ் மிஸ்."

"அப்புறம் ஏன் எடை குறையுது?"

பிள்ளை உம்மாவையே பார்த்தது. பிறகு யூனிஃபார்ம் பாக்கெட்டில் கைவிட்டு, சின்னதாக மடித்த ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தது. ஃபஸ்னா வீட்டு ஆணியில் தொங்கிய கவர்தான்.

"பஸ்ல வாமிட் வந்துரும் மிஸ். டெய்லி. இதுல எடுத்துட்டு டஸ்ட்பின்ல போட்டுருவேன். இன்னிக்கு ரெண்டு கவர் கொண்டு வந்தேன். ஒண்ணுதான் யூஸ் ஆச்சு."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?" ஃபஸ்னா பிள்ளையின் கையிலிருந்து அந்தக் கவரை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க கஷ்டப்பட்டு ஊட்டுறீங்கல்ல உம்மா. திட்டுவீங்க."

விடிவதற்கு முன்பே எழுப்பி, மூச்சுவிட நேரம் கொடுக்காமல் திணித்து, ஒன்றேகால் மணி நேரம் அந்தப் பாதையில் குலுக்கி அனுப்பினால் வயிற்றில் எது தங்கும்? டாக்ஸியில் அவளுக்கே புரட்டியதே! பெற்றவளுக்கு இது தெரியவில்லையே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"இனிமே ஊட்டி அனுப்பாதீங்க. டப்பாவில குடுத்து விடுங்க. பஸ் இறங்கினதும் இங்க வந்து பசியாறட்டும்" என்றாள் அகிலா. அதற்குள் அட்டைகளைப் புரட்டி, அதே பஸ்ஸில் வரும் பிள்ளைகளின் பெயர்களைக் குறிக்க ஆரம்பித்திருந்தாள். "பெல் அடிக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் கால் மணி நேரம் குடுங்கன்னு பிரின்சிபாலைக் கேக்கறேன்."

ஃபஸ்னா டிபன் பாக்ஸைத் திறந்து மகள் பக்கம் நகர்த்தினாள். வழக்கம்போல ஊட்டப் போன கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆறிப்போன இடியாப்பத்தைப் பிள்ளை தானாகப் பிய்த்துப் பாலில் தோய்த்துத் தின்றது. ஒன்று, இரண்டு, ஆறும் தீர்ந்தன. முட்டையும் போனது. டப்பாவின் மூலையை விரலால் வழித்து நக்கிவிட்டு நிமிர்ந்தது.

"இன்னும் இருக்கா உம்மா?"

ஃபஸ்னாவிடம் வேறு எதுவும் இல்லை. அந்தப் பிளாஸ்டிக் கவரைக் கைக்குள் கசக்கிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.