மரக்கூழ்த் துணி

கண்ணகை தையல் மெசினின் ஊசிக்கடியில் குழந்தைச் சட்டையின் கழுத்தைத் திருப்பி வைத்தாள். துணி விரலுக்குள் நிற்காமல் வழுக்கியது. தன்னாமுனைத் தையல் நிலையத்துக்கு இந்தச் சட்டைகளுக்கான ஓடர் வந்த அன்று, மேற்பார்வை பார்க்கும் டோறா மிஸ் எல்லோருக்கும் விளக்கியிருந்தாள்.

"மரத்தைக் கூழாக்கி, அதில நூல் இழுத்து நெய்த துணி. புதைச்சா மக்கிப் போகும், மண்ணுக்குக் கேடில்ல. பிறந்த புள்ளையிர தோலுக்கும் நல்லமாம்."

போரில் வாகரையில் செல் குண்டு விழுந்தபோது கணவனைப் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு காட்டு வழியே நடந்து வந்தவள் கண்ணகை. இப்போது அகதி முகாமில் பிளாஸ்டிக் கூடாரம். பங்குனி வெயிலில் அது உலையாகக் கொதித்தது. குழந்தையின் முதுகிலும் அக்குளிலும் வேர்க்குரு பழுத்து உடைந்திருந்தது. நிவாரணத்தில் கிடைத்த நைலோன் சட்டை புண்ணில் ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது பிள்ளை வீரிட்டு அழும். பகலில் பிள்ளையைப் பார்க்கும் அக்கா சீதேவிப்பிள்ளை, "மெதுவான சீலைத்துண்டு ஒண்டாவது கொண்டு வாகா" என்று காலையிலும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் கண்ணகை தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மிஸ், பிசகின சட்டையில ஒண்டு தருவீங்களா? புள்ளைக்கு மேலெல்லாம் புண்."

டோறா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஏலுமெண்டா தரமாட்டனா கண்ணகை? கழிவுத்துண்டும் வெளியால போகப்படாதெண்டு கொம்பனி எழுதித் தந்திருக்கு. அவங்கட பேர் குத்தின சட்டை சந்தைக்கு வந்திருமெண்டு பயம்."

பின்னேரம், கை கோணலாகிப்போன சட்டையொன்றைக் கண்ணகை வயிற்றோடு வைத்துச் சேலையைச் சுற்றிக்கொண்டாள். வாசலில் சோதிக்கும் பெண்ணின் கை அவள் இடுப்பில் நின்றது.

டோறாவைக் கூப்பிட்டார்கள். அவள் சட்டையைப் பார்த்தாள், கண்ணகையைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு வராத, மகள்."

"வேலை போனாப் போகட்டும் மிஸ். அதையாவது தாங்க. கோணல்தானே?"

டோறா சட்டையை மடித்துக் கையில் வைத்தபடி உள்ளே போய்விட்டாள்.

கண்ணகை பஸ்ஸுக்காக றோட்டோரம் நின்றாள். நிலையத்து வேலிக்கப்பால் இரும்புப் பீப்பாவில் கொட்டியிருந்த கழிவுச் சட்டைகளுக்குக் காவலாளி தீ மூட்டினான். நைலோனைப் போல உருகவில்லை, நாறவில்லை. காய்ந்த விறகு எரியும் மணம்தான் வந்தது. சட்டைக்கை ஒன்று நெருப்புக்கு மேலே எழும்பி விரிந்து, மெல்லிய சாம்பலாக வாவிப் பக்கம் பறந்தது.