இரும்புக் கோலம்

ஐந்தே முக்காலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. அகிலாண்டம் வாசலைத் தெளித்துக் கோலம் போட ஆரம்பித்தாள். எதிர்ப்பக்கத்தில் பிரம்மநாயகம் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தாராவியில் இரும்புப் பட்டறை. மாட்டுங்கா வீட்டுக்கு கேட் வேண்டும், அதில் தன் கோலம் இருக்க வேண்டும் என்று அவள் சொல்லியனுப்பியிருந்தாள்.

அது 1943. ரங்கூனில் குண்டு விழுந்தபின் அவள் கணவர் வேங்கடசுப்ரமணியன் ஊருக்குக் கால்நடையாகக் கிளம்பினார் என்பது கடைசித் தகவல். அதற்கும் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"இழை எங்கேயும் அறுபடப்படாது" என்றாள்.

"ரெட்டைக் கதவுன்னா நடுவுல வெட்டித்தான் ஆகணும்மா."

"ஒத்தைக் கதவாப் பண்ணுங்கோ."

"யானையைத் தொங்கவிட்ட மாதிரில்லா இருக்கும்!"

"தொங்கட்டும்."

சண்டைக்காலம். புது இரும்பு கிடைக்கவில்லை. இடித்த பங்களா ஒன்றின் வேலியிலிருந்து வார்ப்பிரும்புப் பூக்கள் வாங்கினார். அவை புள்ளிகள் ஆயின. பழைய கம்பிகளைக் காய்ச்சி, அடித்து, ஒன்றோடொன்று சேர்த்து, பூக்களைச் சுற்றி வளைத்தார். எங்கே தொடங்கினோம் என்பது மூன்றாம் நாள் அவருக்கே தெரியவில்லை.

கேட் ஏறிய பிறகு அகிலாண்டம் மாவை எடுக்கவில்லை. காலை வெயிலில் கோலம் தானாகத் தரையில் விழுந்தது. உச்சிவேளையில் கேட்டின் காலடிக்குள் சுருங்கியது. மாலையில் மறுபக்கம் நீண்டு தெருவைக் கடந்தது. லாரிகள் அதன்மேல் ஏறிப்போயின. கலையவில்லை. நிலா இருந்தால் மெலிதாக இன்னொன்று விழும். பட்டறைக்குத் திரும்பும் வழி அதுவல்ல என்றாலும் பிரம்மநாயகம் சில நாள் அந்தத் தெருவழியாகப் போனார்.

1945இல் அவள் மைத்துனன் பஞ்சு பட்டறைக்கு வந்தான். நெருப்பிலிருந்து தள்ளி நின்றான்.

"அண்ணாகூட நடந்தவர் ஒருத்தர் இங்கே பக்கத்துல சயானுக்கு வந்திருக்கார். அண்ணா வழியிலேயே போயிட்டாராம். அப்போ இவர் கூடவே இருந்திருக்கார். நாளைக்குக் காரியம் ஆரம்பம்."

பிரம்மநாயகம் சம்மட்டியைக் கீழே வைத்தார்.

"காரியம் முடியறவரைக்கும் வாசல்ல கோலம் இருக்கப்படாது. மாவுன்னா போடாம இருந்துடலாம். இதைச் செய்யறச்சே எங்க யாருக்குமே தோணலை பாருங்கோ. கழட்டிடணும்."

"அம்மா என்ன சொல்லுதாக?"

"மன்னி நம்பலை."

மறுநாள் காலை நாலு ஆட்களோடும் ஒரு கைவண்டியோடும் போனார். அகிலாண்டம் கேட்டுக்கு உட்புறம் நின்றிருந்தாள். நெற்றியில் குங்குமம். இரண்டு கைகளும் கம்பியைப் பிடித்திருந்தன. வெயில் ஏறியது. இழை அவள் தோளில் ஏறி, கழுத்தைச் சுற்றி, புடவையில் இறங்கியது. காற்று வந்தது. புடவையோடு கோலமும் அசைந்தது. தண்ணீருக்கடியில் நிற்பவளைப் போலிருந்தாள்.

"யாரோ வந்து சொன்னா ஆயிடுமா, பிரம்மநாயகம்?"

அவர் கீலைப் பார்த்தார்.

"மன்னி, சாஸ்திரிகள் காத்துண்டிருக்கார்" என்றான் பஞ்சு பின்னாலிருந்து. "எனக்கு மட்டும் ஆசையா?"

ஆட்கள் கீழ்க்கம்பிக்கடியில் கை கொடுத்துக் குந்தினார்கள். மேலே தூக்கினால் கீலிலிருந்து வந்துவிடும். அவள் விரல்கள் பூவுக்கும் கம்பிக்கும் நடுவில் இருந்தன. தூக்கினால் நசுங்கும்.

பிரம்மநாயகம் ஆட்களை நிறுத்தினார். கேட்டுக்கு அருகில் போனார். அவர் நிழல் விழுந்த இடத்தில் அவள்மேலிருந்த கோலம் மறைந்தது.

"அம்மா, கையை எடுக்கியளா?"