வலை வேலி

வந்தவர்கள் உட்காரக் கதிரைகளைத் தோட்டத்துக்குள் போடுகிறார்கள் என்று மகள் ரிஸ்லா மூச்சு வாங்க வந்து சொன்னபோது, றஹ்மா இறந்து கிடந்த புருசனின் காலடியில் உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தாள். ஓதி முடிக்க இன்னும் பாதி கிடந்தது. விரலை அந்த இடத்தில் வைத்தபடியே கிதாபை மூடினாள்.

"எங்க போடுறாங்க?"

"முன்னுக்குத்தான் உம்மா. வெண்டிப் பாத்தியில நாலஞ்சு கதிரை. கத்தரி நாத்துக்குப் பக்கத்தில வாளி வெச்சு ஆரோ கால் கழுவுறாங்க."

"ஆரைக் கேட்டுப் போட்டாங்க? மௌத்து வீட்டுக்கு வந்தா கண்ணை வீட்டில வெச்சிட்டா வாற? அவங்களட்ட எடுக்கச் செல்லு. வீதியில போடட்டும், பக்கத்து வளவில போடட்டும், தலையில வெச்சிக்கொண்டு நிக்கட்டும். என்ட பாத்தியில ஒரு கதிரைக் காலும் இருக்கப்படாது!"

மண்டபத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். உடலின் தலைமாட்டில் இருந்த பரீதா, புருசன் ஸுஹைரின் மூத்த சகோதரி, முகத்தைச் சுளித்தாள். மூதூரிலிருந்து காலையில் வந்து இறங்கியது முதல் இந்த வீட்டை நடத்துகிறவள் அவள்தான்.

"மெதுவா, றஹ்மா. மையத்து கிடக்கக்குள்ள இதென்ன கதை? இப்ப தோட்டமா பெரிசு?"

"ஓம் மதினி. பெரிசுதான்."

இருபத்தாறு வருசமாக இரண்டு பேருக்கும் ஒத்துப்போனதில்லை. ஒரு நோன்புப் பெருநாளாவது முகம் கோணாமல் கழிந்திருக்குமா என்றால் அதுவும் சந்தேகம்தான்.

சத்தம் போட்டு அழக்கூடாது, மையத்துக்கு அது வேதனை என்று காலையிலேயே பரீதா சொல்லியிருந்தாள். சரி, அழவில்லை. கோபப்படக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! அதனால் றஹ்மா விடிந்தது முதல் கோபப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக் போட்டுப் போட்டு ஆசுப்பத்திரிக்கு ஓட்டிய ஓட்டோக்காரன்மேல் கோபம். "வரக்குள்ளயே முடிஞ்சி" என்று கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்ன டொக்டர்மேல் கோபம். எல்லாரையும்விட, ஒன்றுமே நடக்காதமாதிரி கபன் துணிக்குள் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிற இந்த மனிசன்மேல்தான் அடக்க முடியாத கோபம்.

படுக்கிற நேரமா இது? தோட்டத்தைத் தொடங்கி மூன்று கிழமைகூட ஆகவில்லை.

கலியாணமான நாளிலிருந்து கேட்ட தோட்டம் அது. றஹ்மாவின் வாப்பா தோப்பூரில் வயல் செய்தவர். அவளுக்கு மண்ணைத் தொடாமல் இருக்க வராது. ஆனால் சீதனமாகக் கிடைத்த இந்தக் கிண்ணியா வளவில் பின்பக்கம் முழுக்க மாமர நிழல். வெயில் விழுகிற இடம் வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே கிடக்கிற முன்முற்றம் மட்டும்தான். அதிலும் காலை வெயில் மட்டும்; மத்தியானம் திரும்பினால் வீட்டு நிழல் விழுந்துவிடும். அந்தக் காலை வெயிலையும் வீதியோரம் ஆளுயரத்துக்கு நின்ற தகர வேலி மறித்துக்கொண்டிருந்தது. "பென்சன் எடுத்துட்டு வாறன், தகரத்தைக் கழட்டிப் போட்டுத் தோட்டம் போட்டுத் தாறன்" என்று ஸுஹைர் சொல்லாத வருசம் இல்லை. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய மனிசன். பெரிய பெரிய கப்பலையெல்லாம் இழுத்துக் கொண்டுவந்து கரையில் கட்டத் தெரிந்தவருக்கு வீட்டுத் தகரத்தைக் கழற்ற இருபத்தாறு வருசம் எடுத்தது.

ஆனால் சொன்னதைச் செய்தார். கார்த்திகையில் பென்சன். தையில் மழை விட்டதும் தகரத்தை முழுக்கக் கழற்றிப் பின்வளவில் அடுக்கினார். ஆடு மாடு வராமலிருக்க, யாரோ கூட்டாளியிடம் பழைய மீன்பிடி வலையை வாங்கிவந்து கம்பிலிருந்து கம்புக்கு இழுத்துக் கட்டினார். "ஆடு வராது, வெயில் வரும். எப்பிடி?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க அவர்தான் வரவேண்டும். நாலு பாத்தி. வெண்டி, பயற்றை, கீரை, நாலாவதில் கத்தரி நாற்று. கத்தரி நாலு இலை விட்டு நின்றது. இன்னும் பத்து நாளில் பிடுங்கி நட வேண்டும்.

இன்று சுபஹு தொழுதுவிட்டு இரண்டு பேரும் தண்ணீர் ஊற்றப் போனார்கள். மணலில் உட்கார்ந்தார், நெஞ்சைப் பிடித்தார், அவ்வளவுதான்.

பின்னேரம் அசர் தொழுகைப் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் மண்டபத்து வாசல் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ செருமினார்கள். அஸாம், ஸுஹைரின் அண்ணன், மூத்த காக்கா. புருசனை இழந்து இத்தா என்ற மறைவில் இருக்கிற பெண்ணின் முகம் பார்க்கக்கூடாது என்று அவர் வீதிப் பக்கம் திரும்பி நின்றுதான் பேசினார்.

"றஹ்மா, ஜனாஸா எடுக்க முதல் ஒரு கதை. அடக்கிட்டு வந்த கையோட தகரத்தை அடிச்சிடுவம். பின்வளவில கிடக்கு, பார்த்தன்."

"எந்தத் தகரம்?"

"வேலித் தகரம்தான். நாலு மாசம் பத்து நாள் நீ இத்தா இரிக்கணும். வீதியில போற வாறவனெல்லாம் வலைக்குள்ளால வீட்டைப் பார்க்கிற. மௌலவிட்டயும் கேட்டன். சுத்திவர மறைப்பிருந்தா நீ முத்தத்துக்கு வரலாம், காத்துப் படலாம். உனக்காகத்தான் செல்றன்."

"தகரம் அடிச்சா வெயில் எங்கால வரும்?"

அஸாமுக்கு முதலில் விளங்கவில்லை. "வெயிலா?"

"நாத்து நிக்கிது மச்சான். நிழலுக்க நிண்டா வெளுத்து நீண்டு விழுந்திடும். தூண் கிடங்கு வெட்டுற இடத்திலதான் பாத்தியும் கிடக்கு."

"நாத்துப் போனா போகட்டும், புள்ள. சந்தையில கத்தரிக்காய் இல்லாமலா கிடக்கு?"

றஹ்மாவுக்குத் தலைக்குள் ஜிவ்வென்று ஏறியது. அவர் தம்பி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றதெல்லாம் இந்த மனிசனுக்குச் சந்தையில் கிடைக்கிற கத்தரிக்காயா?

"இது என்ட வளவு. என்ட உம்மா எனக்குத் தந்த வளவு. இதில ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் என்னைக் கேட்டிட்டு அடிங்க!"

"றஹ்மா!" என்று பரீதா எழும்பினாள். "வெளியில ஆம்புளைகள் நிக்கிறாங்க. இத்தாக்காரிட குரல் வீதிக்குக் கேக்குது."

"கேக்கட்டும்."

அதற்கு மேல் பேச விடாமல் பாங்கு கேட்டது. மையத்தை வைத்துச் சுமக்கும் சந்தூக்கைக் கொண்டுவந்து மண்டபத்தில் வைத்தார்கள். பெண்கள் ஒதுங்கிக் கொடுத்தார்கள். கடைசியாக முகம் பார்க்கச் சொன்னார்கள். றஹ்மா குனிந்து பார்த்தாள். அவரிடம் சொல்ல ஒன்று இருந்தது. அத்தனை பேருக்கு நடுவில் அதை எப்படிச் சொல்வது? நிமிர்ந்து தள்ளி நின்றாள். கலிமாச் சத்தம் முற்றத்தைக் கடந்தது, வீதியில் ஏறியது, பள்ளிவாசல் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

அறைக்குள் போய் யன்னல் சீலையை ஒரு விரல் அளவுக்கு விலக்கிப் பார்த்தாள். நாற்பது ஐம்பது சோடிக் கால்கள் போயிருந்தன. வெண்டிப் பாத்தி தட்டையாகக் கிடந்தது. கீரையில் பாதியைக் காணோம். கத்தரிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் அதற்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு ரிஸ்லா தன் நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். நிறைமாசக்காரியை எழும்பு என்று சொல்ல எந்த ஆம்பிளைக்கு வாய் வரும்?

அடக்கிவிட்டு வந்தவர்கள் சலாம் சொல்லிக் கலைந்தார்கள். அஸாம் கலையவில்லை. பின்வளவில் தகரம் இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு முன்னால், தூண் கிடங்கு வெட்ட, நங் என்று அலவாங்கு மண்ணில் இறங்கியது.

றஹ்மா வாசல் சீலைக்குப் பின்னால் போய் நின்றாள். பரீதா கையைப் பிடித்தாள். இவள் உதறினாள்.

"மச்சான், அலவாங்கை வைங்க."

சத்தம் நின்றது.

"மறைப்பிருந்தா முத்தத்துக்கு வரலாம் எண்டுதானே மௌலவி சொன்ன? நான் வரல்ல. முத்தமும் வேணாம், காத்தும் வேணாம். நாலு மாசம் பத்து நாளும் அறைக்குள்ளயே இரிக்கன். யன்னல் சீலையையும் தைச்சு விடுங்க. வலை அப்பிடியே கிடக்கட்டும்."

அஸாம் வாசலுக்குக் கிட்ட வந்தார்.

"வெக்கை தொடங்கப் போகுது, றஹ்மா. சின்ன அறை. யோசிச்சுத்தான் செல்றியா?"

"ஓம்."

"சரி. நீ அறைக்குள்ள. மகள் குனிய ஏலாது. அப்ப தண்ணி ஆர் ஊத்துற?"

இதைத்தான் றஹ்மா யோசிக்கவில்லை. சீலையைப் பிடித்தபடி நின்றாள். தகரத்தை அடித்தால் அவள் தோட்டத்துக்குப் போகலாம், வெயில் போகாது. அடிக்காவிட்டால் வெயில் போகும், அவள் போக முடியாது. இந்த மனிசன் இருந்திருந்தால் இந்தக் கணக்கே வந்திராது.

அஸாம் பெருமூச்சு விட்டார். அலவாங்கைச் சுவரில் சாய்த்தார். "நாளைக்கு வந்து பேசுவம்" என்றுவிட்டுப் பள்ளிக்குப் போனார்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மஃரிபு தொழுகைக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கும். கடற்காற்றில் மணல் காய்ந்து வெளுத்துவிட்டது. றஹ்மா யன்னலுக்குப் போய்ச் சீலைக்குப் பின்னால் நின்றாள். காலையில் பாதிப் பாத்திக்குத்தான் தண்ணீர் விட்டிருந்தது. மீதி நாற்று தலை தொங்கிக் கிடந்தது.

கிணற்றடியில் கப்பி உருண்டது. கொஞ்ச நேரத்தில் முன்முற்றத்தில் பரீதா தெரிந்தாள். முந்தானையை இழுத்துச் செருகி, இரண்டு கையாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு, ஆடி ஆடி வந்தாள். கத்தரிப் பாத்தி எது என்று கேட்கவில்லை. ரிஸ்லாவின் கதிரை நின்ற இடத்துக்கு வந்து, நின்ற நிலையில் வாளியைச் சரித்தாள். தண்ணீர் சடசடவென்று மேலேயிருந்து கொட்டியது. ஒரு நாற்று வேரோடு புரண்டது.

"மேலால ஊத்தாதீங்க!" றஹ்மா கத்தினாள். "என்ன மதினி இது, மாடா குளிப்பாட்டுறீங்க? இலை நனைஞ்சா அழுகும், வேர் கழண்டிடும். ஒரு வேலையாவது ஒழுங்காச் செய்யத் தெரியாதா உங்கட குடும்பத்துக்கு? உங்கட தம்பியும் இப்பிடித்தான்!"

பரீதா வாளியை நிமிர்த்தினாள். யன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெளியிலிருந்து சீலைக்குள் அவளுக்கு ஒன்றும் தெரிந்திராது.

"அவனுக்கும் இப்பிடித்தான் ஏசுறியா?"

வீதியில் ஒரு சைக்கிள் போனது.

"ஓம்" என்றாள் றஹ்மா. "இண்டைக்கும் ஏசினன். 'நீங்க தொட்டாப் பட்டுத்தான் போகும், தள்ளுங்க' எண்டன். ஒண்டும் கதைக்கல்ல மதினி. வாளியை என்ட கையில தந்திட்டுத் தள்ளி இருந்தார். நான் திரும்பிப் பார்க்காம ஊத்திக்கொண்டிருந்தன். முழுப் பாத்திக்கும் ஊத்தலாமெண்டு. பாதியில திரும்பிப் பார்த்தா..."

நெற்றியை யன்னல் கம்பியில் முட்டிக்கொண்டு நின்றாள். பரீதா ஆறுதல் சொல்லப் போகிறாள், சொன்னால் இந்த யன்னலைப் பிய்த்து எறிந்துவிடுவேன் என்று றஹ்மா பல்லைக் கடித்தாள்.

"எனக்கும் ஏசு" என்றாள் பரீதா. "ஏசிச் செல்லித் தா. எப்பிடி ஊத்துற?"

பரீதா வாளியை இடுப்பில் அணைத்தபடி, ஈரம் பட்ட காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"குனிஞ்சு" என்றாள் றஹ்மா கடைசியில். "அடியில ஊத்துங்க. கையை வெச்சு, கைக்கு மேலால."

பரீதா ஒரு கையை முழங்காலில் ஊன்றி, முனகிக்கொண்டு மணலில் குந்தினாள். புரண்டு கிடந்த நாற்றை எடுத்து நிமிர்த்தி, மண்ணை அணைத்து, உள்ளங்கையை அதன் அடியில் வைத்தாள்.