கம்பம் படுத்திருந்த நாட்கள்

எனக்குக் கோபம் மூக்குநுனியில் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் தொலைநோக்கி நிலையத்துக்கு இடம் தேர்வு செய்யும் காற்று அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மறுத்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இயக்குநர் மட்டும் பேனாவைத் திறந்து நீட்டியபடியே இருந்தார்.

"பார்த்த மூணு குன்றுல இதுலதான்மா காத்து கம்மி. வெள்ளிக்கிழமை அடிக்கல். இன்னும் என்ன?"

"வருஷப் பதிவுல நாப்பத்தோரு நாள் காலியா இருக்கு சார்."

"அதான் சராசரி போட்டு நிரப்பியாச்சே."

நிரப்பித்தான் இருந்தார்கள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி. அந்த நாற்பத்தொன்றில் முப்பத்தாறு, காற்று மாதங்களில் விழுந்தவை. கருவி கெட்டுப்போவதற்குக்கூட நாள் நட்சத்திரம் பார்க்குமா என்ன?

மறுநாள் காலை ஜீப்பில் குன்றேறினேன். உச்சியில் பத்து மீட்டர்க் கம்பம், அதன் தலையில் சுழலும் மூன்று கிண்ணங்கள், பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. காவலாளி அண்ணன் துடைக்கிற துணியும் கையுமாக ஓடி வந்தார். பதிவு ஏன் அடிக்கடி நிற்கிறது என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது.

"காத்து எகிற ஆரம்பிச்சா ஒயரைக் கழட்டிட்டு, கம்பத்தை அப்படியே படுக்க வெச்சிடுவேன் மேடம். அடங்கினதும் நிமித்திடுவேன். ஒரு வருஷமாச்சு, ஒரு கீறல் இருக்கா பாருங்க!"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. காற்றை அளக்க நட்ட கம்பத்தைக் காற்று வந்தபோதெல்லாம் தூங்க வைத்திருக்கிறார்!

"யாருண்ணா உங்களை இப்படிச் செய்யச் சொன்னது?"

அவர் கொட்டகைக் கதவைக் காட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள். 'கருவிக்குச் சேதம் நேர்ந்தால் காவலாளியே பொறுப்பு.' கீழே என் கையெழுத்து. முதல் வாரமே ஒரு கிண்ணம் உடைந்த எரிச்சலில் நான் எழுதி ஒட்டியது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஏதாவது தப்பு பண்ணிட்டேனா மேடம்?"

"நீங்க இல்லண்ணா."

மதியம் காற்று எழுந்தது. அவர் கை தானாகக் கம்பத்தை இறக்கும் கம்பிவடத்துக்குப் போயிற்று. "விடுங்க, உடைஞ்சா நான் பார்த்துக்கறேன்" என்றேன். இருவரும் தகரச் சுவரோடு ஒட்டி நின்று பதிவுக் கருவியின் திரையைப் பார்த்தோம். வினாடிக்குப் பதினைந்து மீட்டரைத் தாண்டினாலே நிலையத்தின் கூரையை மூடியாக வேண்டும். இருபத்திரண்டு காட்டியது. ஒரு மணி நேரம் அது இறங்கவே இல்லை.

அடுத்த நாள் நடந்ததையெல்லாம் கேட்ட இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "காவலாளியோட கவனக்குறைவுன்னு ஒரு வரி போடு. ஆளை மாத்திடலாம். அடிக்கல் நிக்காது."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்கு ரத்தம் கொதித்தது.

"காத்துல தொலைநோக்கி ஆடினா நட்சத்திரம் புள்ளியாவா தெரியும்? கோடாத்தான் இழுக்கும். அப்போ எந்தக் காவலாளியை மாத்துவீங்க?"

கொண்டுவந்த தாளை அவர் முன்னால் வைத்தேன். 'இந்த ஓராண்டுப் பதிவு செல்லாது. காரணம், நான் எழுதி ஒட்டிய உத்தரவு. காவலாளி அதை ஒருநாளும் மீறவில்லை. கம்பத்தை இறக்காமல் மறுபடி ஓராண்டு அளக்க வேண்டும்.' இந்த முறை யாரும் பேனா நீட்டாமலே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். "உன் வேலை போயிடும்மா."

"போனா போகட்டும் சார்."

அவர் இழுப்பறையைத் திறந்து தாளை உள்ளே போட்டுப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நல்லாப் பூட்டுங்க. இடத்தேர்வுக் குழுவுல இருக்கற ஒன்பது பேருக்கும் பிரதி அனுப்பிட்டுத்தான் உள்ளே வந்தேன்."

அவருடைய மேசையில் தொலைபேசி அடித்தது. "எடுங்க சார்" என்றேன்.