சப்ரியானின் மேல்கோட்டில் வந்த ஆற்றுநீர்

தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் பகுதி ஒளிபரப்பான மறுநாள் காலை, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் சப்ரியானின் மேல்கோட்டு முழுவதும் ஆற்றுத் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. பிஸ்ட்ரென் ஊரில் அன்று மழை இல்லை. தண்ணீரில் பாசி வாடை அடித்தது. கோட்டுப் பையில் ஒரு நத்தை ஓடு கிடந்தது.

பல்கேரியத் தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்த படக்குழுவினர் கோடையில் அந்தத் தொடரை இங்கேதான் படமெடுத்தார்கள். காலினா என்ற பெண்ணை யாரோ ஆற்றில் அமுக்கிக் கொன்றுவிடுகிறார்கள். யார் என்பதுதான் கதை. சந்தேகப்பட வேண்டிய கால்நடை மருத்துவர், பாட்டு வாத்தியார், பாதிரியார் எல்லாரும் நடிகர்கள். கூட்டத்துக்கு மட்டும் ஊர்க்காரர்கள். சப்ரியானைப் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தார். திரையில் அது ஒரு மூச்சு நேரம்தான் வந்தது. நாடே அந்தப் பார்வையை நிறுத்தி நிறுத்திப் பார்த்தது. ப்ளோவ்திவ் நகரத்து மாணவிகள் அவர் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு இணையத்தில் ஏற்றினார்கள். வசனமே இல்லாத ஆளுக்கு முகத்தில் ஏன் இவ்வளவு இருக்க வேண்டும், இவன்தான், என்றார்கள். எத்தனை பேர் நம்பினார்களோ அவ்வளவு தண்ணீர் வந்தது. நடிகர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் காய்ந்த உடுப்போடு தலைநகரில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் பகுதிக்குப் பிறகு சப்ரியான் நடந்த தெருவெல்லாம் ஈரத் தடம் பதிந்தது. நகராட்சிக் குழாய்க்காரர் வீட்டுச் சுவர்களைத் தட்டிப் பார்த்துவிட்டுக் குழாயில் பழுதில்லை என்று சொல்லிப் போனார். முடிதிருத்தும் கிர்சோ நாற்காலியில் ரப்பர் துணி விரித்தான்.

"அண்ணே, என்கிட்ட மட்டும் சொல்லுங்க. நீங்கதானே?"

"நிக்கச் சொன்னாங்க, நின்னேன்."

"மாமியா பாட்டு வாத்தியார்ங்கறா. நான் உங்க மேல ஒரு பாட்டில் ரக்கியா சாராயம் பந்தயம் கட்டியிருக்கேன். கைவிட்டுடாதீங்க."

சப்ரியானின் மனைவி தோன்கா இந்தப் பேச்சில் சேரவில்லை. மாலையில் கோட்டை வாங்கிப் பால்கனியில் பிழிவாள். அந்த வீட்டில் ஆற்றைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்களுடைய மகள் எல்கா எட்டு வயதில் அப்பாவோடு மீன் பிடிக்கப் போனாள்; அப்பா அவளைக் கையில் ஏந்திக்கொண்டு திரும்பினார். கரையில் என்ன நடந்தது என்று தோன்கா அன்று கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. பிறகு கேட்பதற்கு இடமே இல்லாமல் போயிற்று.

படக்குழு காலினாவின் முகம் அச்சிட்ட மரண அறிவிப்புகளை மரங்களிலும் தேவாலயக் கதவிலும் ஒட்டியிருந்தது. போகும்போது எடுக்க மறந்துவிட்டது. அந்த ஊரில் அப்படிப்பட்ட தாளை யாரும் கிழிக்க மாட்டார்கள், மழைதான் கொண்டுபோக வேண்டும். தாள் இருந்ததால் பெண்கள் பழக்கத்தில் நாள் எண்ணிவிட்டார்கள். திரையில் அவள் செத்த நாற்பதாம் நாள், அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை என்று தெரிந்திருந்தும், இறந்தவர்களுக்கு அங்கே செய்வதுபோல் கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை தூவிக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனார்கள். தட்டு தோன்காவின் கையில் இருந்தது. நின்றவர்களின் உள்ளங்கையில் ஆளுக்கொரு கரண்டி வைத்துக்கொண்டே வந்தாள். காலடியில் குட்டை தேங்கச் சப்ரியானும் கையை விரித்தபடி நின்றார். கரண்டி அவரிடம் நிற்காமல் அடுத்த கைக்குப் போய்விட்டது. அடுத்த ஆள் நன்றி சொன்ன பிறகுதான் தோன்காவுக்கே அது தெரிந்தது. சப்ரியான் விரித்த கையை மெல்ல மூடிக்கொண்டார்.

கடைசிப் பகுதியில் கொலைகாரன் கால்நடை மருத்துவர் என்று ஆயிற்று. விடிந்தபோது கோட்டு காய்ந்திருந்தது. பக்கத்து வீட்டார் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முகம் பார்க்காமல் போனார்கள். ஆனால் கோட்டின் இடது கை மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் யாரோ இன்னும் கடைசிப் பகுதியைப் பார்க்கவில்லை என்று கிர்சோ விளக்கம் சொன்னான்.

அன்று மாலை சமையலறையில் சப்ரியான் கோட்டைக் கழற்றினார்.

"இது டிவி பார்த்தவங்களோடது இல்ல, தோன்கா."

"தெரியும்."

அந்தக் கோட்டுக் கை எல்கா இறந்த வருடத்திலிருந்தே ஈரம்தான். தினமும் அடுப்போரம் காயப்போட்டவள் தோன்கா. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊருக்கும் தெரியாது.

"அன்னிக்கு நீ எந்தப் பக்கம் பார்த்துட்டிருந்த?" என்றாள்.

அவர் ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினார்.

"தூண்டில் மிதவைய. மீன் கடிச்சிருந்துச்சு. திரும்பினப்ப அவ தொப்பி மட்டும் தண்ணில போயிட்டிருந்துச்சு."

"பெருசா?"

"எது?"

"மீன்."

"சின்னது. விட்டுட்டேன்."

தோன்கா தலையசைத்தாள். சொட்டுவது நிற்கவில்லை. அவள் கோட்டின் கை நுனியைப் பிடித்தாள், அவர் தோள்பட்டையைப் பிடித்தார், ஆளுக்கொரு பக்கமாக முறுக்கினார்கள். அதன் பிறகு தினமும் மாலையில் இருவருமாகத்தான் பிழிகிறார்கள். அந்தத் தண்ணீரைத் தோன்கா பால்கனி மிளகாய்ச் செடிகளுக்கு ஊற்றுகிறாள். கோடையில் அதுவே போதுமானதாக இருக்கிறது.