மூன்றாவது வரியில் வெள்ளைக் கோடு

மகளின் ஏழாம் வகுப்பில் ‘வாசிப்புத் திறன் மீள்பார்வை’ என்று ஒரு நாள் வைத்தார்கள். பத்துக்கு ஐந்து மதிப்பெண் எடுக்காத பிள்ளைகளைக் கடைசிப் பிரிவுக்கு மாற்றுவார்களாம். கடைசிப் பிரிவுக்காரர்களுக்கு அறிவியல் கூடத்துப் பக்கமே வேலை கிடையாது. வருடம் முழுக்கப் பார்த்தெழுதிக் கை தேய வேண்டியதுதான். என் மகள் எடுத்தது நான்கு.

நான் மாவு ஆலையில் மூட்டை தூக்குகிறவன். எழுத்துக் கூட்டிப் படிக்கவே நாற்பத்திரண்டு வயதில்தான் கற்றுக்கொண்டேன். காலைச் சுமையை முடித்துவிட்டு, தலையில் ஒட்டிய மாவோடு பள்ளிக்குப் போய், மகள் பக்கத்தில் நிற்க, டீச்சர் மேசைக்கு எதிரே உட்கார்ந்தேன். மொழி டீச்சர் என் தலையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மேசை டிராயரைத் திறந்து மைப்பெட்டியை எடுத்து என் பக்கம் தள்ளினார். கட்டை விரலுக்கு! வாசிப்பு சொல்லிக்கொடுக்கிறவர் என்னை வாசித்த லட்சணம் அது.

“பேனா வச்சிருக்கேன் டீச்சர். படிச்சிட்டுப் போடறேன்.”

“பின்னாடி நிறையப் பேர் நிக்கிறாங்க. சும்மா ஒரு படிவந்தாங்க.”

“சும்மான்னா கையெழுத்து எதுக்கு?”

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற லாரி ஓட்டுநர் கனைத்துச் சிரித்தார். நான் விடைத்தாளை வாங்கி, விரலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தேன். ஐந்தே வரிப் பத்தி.

‘மாவு மூட்டை சுமப்பவர்கள் வரிசையாக நடந்தனர்.
ஒருவர் மட்டும் பின்தங்கினார்.
அவர் வந்த வழியில் தரையில் வெள்ளைக் கோடு நீண்டது.
அவர் மூட்டையை இறக்கி, வாய்ப்பக்கம் மேலே வருமாறு நிமிர்த்தி வைத்தார்.
“சோம்பேறி!” என்று மேற்பார்வையாளர் கத்தினார்.’

கேள்வி: அவர் ஏன் மூட்டையை இறக்கினார்? இரண்டு மதிப்பெண். மகள் எழுதியிருந்தாள்: ‘தையல் விட்டு மாவு கொட்டியது. அதனால் இறக்கினார்.’ அதன் மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி.

“இது சரிதானே டீச்சர்?”

“இல்லைங்க. விடைக்குறிப்புல ‘அவர் சோம்பேறி’ன்னு இருக்கு. உங்க பொண்ணு வீட்டுல கேட்டதை எழுதியிருக்கா. பத்தியில இருக்கிறதைத்தான் எழுதணும். கேள்வியில என்ன வார்த்தை வருதோ அதைப் பத்தியில தேடணும், அதுக்கு அடுத்த வரியைப் பார்த்து எழுதணும். வருஷம் பூரா இதைத்தான் பழக்கறோம். மீதி முப்பத்தேழு பேரும் கரெக்டா எழுதியிருக்காங்க.”

“அப்போ பத்தியைப் படிக்க வேண்டாமா?”

“நேரம் இருந்தா படிக்கலாம்.”

“நான் படிச்சேன்ப்பா,” என்றாள் மகள், கண்ணாடியை உடைத்துவிட்டவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு.

“நீங்களும் ஒருதடவை சத்தமாப் படிங்க டீச்சர்.”

டீச்சர் உதட்டைச் சுழித்துக்கொண்டு கடகடவென்று ஆரம்பித்தார். வெள்ளைக் கோடு வந்ததும் குரல், வண்டி பள்ளத்தில் இறங்கியது மாதிரி தடுமாறியது. அந்த வரியை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார் என்பது என் மகளுக்கே தெரிந்துவிட்டது.

“விடைக்குறிப்பு மேலேர்ந்து வந்தது. நாங்க மாத்த முடியாது.”

“மேலேர்ந்து வர்றதுக்கு அது என்ன மழையா, குடையைப் பிடிச்சிக்கிட்டு நிக்க? மேற்பார்வையாளர் கத்தினா அது நிஜம் ஆயிடுமா? எங்க ஆளு தினம் கத்தறான். அவன் ஒரு மூட்டை தூக்கி நான் பார்த்ததில்ல. வாய் திறந்த மூட்டையைத் தூக்கிட்டே போறவன்தான் டீச்சர் மடையன்.”

ஓட்டுநர் இப்போது சிரிக்கவில்லை. மேசை மேலிருந்த கட்டிலிருந்து மகனுடைய தாளை உருவித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “எம்பையனுக்கு இந்தச் சோம்பேறிக்கு ரெண்டு மார்க் போட்டிருக்கீங்களே?” என்றார்.

“நீங்க உங்க முறை வரும்போது பேசுங்க.”

படிவத்தைப் படித்தேன். ‘மேற்கண்டதைப் படித்துப் புரிந்துகொண்டு, என் மகளைக் கடைசிப் பிரிவுக்கு மாற்றச் சம்மதிக்கிறேன்.’

“படிச்சிட்டேன், புரிஞ்சிடுச்சு. அதனாலதான் சம்மதம் இல்ல. கையெழுத்து இல்லாம மாத்துவீங்களா?”

டீச்சர் பேனாமூடியைக் கடித்தார். “முடியாது,” என்றார் கடைசியில், பல் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி. “ஆனா தலைமை ஆசிரியருக்கு அனுப்பணும்.”

“தாராளமா அனுப்புங்க. அவராவது மூணாவது வரி வரைக்கும் வரட்டும்.”

பெற்றோர் கருத்து என்ற கட்டத்தில், ‘பத்தியைப் படிக்கவும்’ என்று எழுதினேன். என் எழுத்து மூட்டை மூட்டையாகத்தான் விழும். இரண்டு சொல்லுக்கே கட்டம் நிறைந்துவிட்டது. டீச்சர் தாளைத் தன் பக்கம் இழுத்து, அதன் கீழே சின்னதாக ஏதோ எழுதினார். தலைகீழாகப் படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ‘பெற்றோருக்குப் புரியவில்லை.’

வாயைத் திறக்கப் போனேன். மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“விடுப்பா, பெல் அடிச்சாச்சு. எனக்கு இப்போ சயின்ஸ் லேப்.”

ஓடிவிட்டாள். நான் எழுந்தேன். டீச்சர் மைப்பெட்டியை ஓட்டுநர் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.