ஏறிய ஒரே மலை

கோலார் மாவட்டம் குன்றுகளும் பாறைகளும் நிறைந்த வறண்ட பூமி. ஆயினும் அந்தரகங்கை மலையில் ஒரு கல் நந்தியின் வாயிலிருந்து கோடையிலும் நீர் வழிந்துகொண்டிருக்கும். ஆவணி மலையிலோ சீதை தங்கியிருந்தாள் என்பது அவ்வூராரின் நம்பிக்கை. இவற்றையெல்லாம் மமதா ஒரு மாத காலம் உரக்கப் படித்தாள். அடுப்படியில் நின்றபடியே கேட்டுக் கேட்டு, அவள் தந்தை நாகேஷுக்கும் அவை மனப்பாடமாகிவிட்டன.

தங்கவயலுக்குச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துவரவிருந்த தனியார் நிறுவனம் ஒன்று உள்ளூர் வழிகாட்டியைத் தேடிக்கொண்டிருந்தது. அவ்வேலை கிடைத்தால் மமதா வீட்டிலிருந்தே போய்வரலாம். கிடைக்காவிட்டால் பெங்களூர் விடுதியில் தங்கி, இரவு வெகுநேரம் கழித்து மூடும் துணிக்கடை வேலைக்குச் செல்ல வேண்டும். மனைவி இறந்த பதினான்கு ஆண்டுகளாக மகளின் முகத்தைப் பார்த்தே நாட்களைத் தள்ளிவந்த நாகேஷுக்கு, இவ்விரண்டில் எது நடக்கும் என்பதைத் தவிர வேறு சிந்தனையே இல்லை.

நேர்காணலுக்குச் சென்று திரும்பிய மமதா, கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

காரணத்தை அவருக்குச் சொன்னவள், உடன் சென்றிருந்த தோழி வின்னி. மறுநாள் ராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் அவரைப் பார்த்து நடந்ததை விவரித்தாள். மமதா எல்லாக் கேள்விகளுக்கும் மளமளவென்று விடையளித்தாளாம். இறுதியில் ஒருவர், படித்தது இருக்கட்டும், இம்மாவட்டத்தில் நீயே ஏறிப் பார்த்த மலை எது என்று கேட்டாராம். சயனைடு மலை என்றாளாம் அவள். தங்கம் பிரித்த பிறகு ஆலையிலிருந்து கொட்டிய கழிவு மண்ணையா மலை என்கிறாய் என்று அங்கிருந்தோர் சிரித்தார்களாம்.

"அதோட விட்டிருக்கலாம் அங்கிள். கொட்டினாலும் மலை மலைதான் சார், எங்கப்பா இட்டுனு போய்க் காட்டினாருன்னு நிக்கிறா. அப்புறம் யாரு வேல குடுப்பாங்க?" என்றாள் வின்னி.

நாகேஷ் காய்கறி வாங்காமலே வெறும் பையுடன் வீடு திரும்பினார்.

மமதாவுக்கு அப்போது ஆறு வயது. பள்ளிப் பிள்ளைகள் பெற்றோருடன் அந்தரகங்கைக்குப் போன ஞாயிறு அது. தாம் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தை மூடிய பின் பெங்களூரில் காவலாளியாகச் சேர்ந்திருந்த அவருக்கு ஞாயிறும் வேலை நாளே; மனைவியோ நோயில் படுத்திருந்தாள். மாலையில் இரயிலிறங்கி வந்தபோது குழந்தை அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு சயனைடு மேட்டில் ஏறினார். இதுதான் நம்ம மலை, உன் தாத்தா பூமிக்கு அடியிலிருந்து வெட்டி அனுப்பிய கல்லெல்லாம் அரைபட்டு இங்கே வந்து சேர்ந்தது என்றார். அவள் கைகொட்டிச் சிரித்தாள். மெய்யான மலையை அடுத்த ஞாயிறு காட்டலாம் என்று அன்று எண்ணினார். ஒன்றரை மணி நேரப் பயணந்தான். அந்த ஞாயிறு பதினாறு ஆண்டுகளாக வரவேயில்லை.

மமதா புறப்படும் நாளும் ஞாயிறாக அமைந்தது. தங்கவயலின் கோரமண்டல் நிலையத்தில் காலை இரயிலுக்குக் காத்திருந்தார்கள். நாகேஷ் அவளுடைய பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"இன்னிக்கு லீவு போட்டுட்டேன்மா. நீ நாளைக்குப் போ. அந்தரகங்கைக்குப் போயிட்டு வந்துரலாம்."

"பதினோரு மணிக்குக் கடையில நிக்கணும்ப்பா. மொத நாளே லேட்டா போனா இன்னா நெனப்பாங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வின்னி எல்லாம் சொல்லுச்சு. நான் சொன்னத ஏன் அங்க போய்ச் சொன்ன?"

"இன்னொரு தபா கேட்டாலும் அதத்தாம்ப்பா சொல்லுவேன். நான் ஏறினது அது ஒண்ணுதான."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஏசியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். இரயில் வந்து நின்றது. பெட்டியை அவளே அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஏறினாள். வேளைக்குச் சாப்பிடுமாறு சன்னல் வழியாகச் சொன்னாள். இரயில் நகர்ந்து மறைந்த பின்பும் நாகேஷ் நடைமேடையிலேயே நின்றார். வேலைக்குப் போகவேண்டியதில்லை. அன்று முழுவதும் அவருக்கு விடுப்பு.